அணைக்கு முன்னால் எழுதிய பத்திரம்



பெரியாறு அணையைப் பற்றி நம் பக்கத்தில் பேசாதவர் கிடையாது. தை பிறந்தால் பென்னிகுவிக் படத்துக்கு மாலை போடுகிறோம். அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறோம். தேனி பஸ் ஸ்டாண்டுக்கும் அவர் பெயர்தான். அணையின் உயரம், சுண்ணாம்புச் சுர்க்கி, மலையைக் குடைந்த சுரங்கம் எல்லாம் உங்களுக்குத் தெரியும். இன்று நான் எழுதப்போவது அணையைப் பற்றி இல்லை. அதற்கு முன்னால் எழுதிய பத்திரத்தைப் பற்றி. அந்தப் பத்திரம் இல்லாவிட்டால் பென்னிகுவிக் அந்தக் காட்டில் ஒரு கல்லைக்கூட நகர்த்தியிருக்க முடியாது. ஏனென்றால், அணை கட்டிய இடம் அன்றைக்கு வேறு நாடு.

"இது என்ன, குமுளி எப்போது வெளிநாடு ஆயிற்று?" என்று கேட்பீர்கள். 1886-இல் இந்திய வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் இரண்டு நிறம் இருக்கும். ஒன்று, பிரிட்டிஷ் இந்தியா. சென்னை, பம்பாய், வங்காளம் போன்ற மாகாணங்கள் சேர்ந்த ஒரே பெரிய அமைப்பு அது. சட்டம், வரி, ராணுவம் எல்லாம் ஒரே தலைமையின் கீழ். இன்னொன்று, அதற்கு வெளியே இருந்த சமஸ்தானங்கள். நம் கம்பம், கூடலூர் எல்லாம் சென்னை மாகாணத்து மதுரை ஜில்லா. மலைமேல் ஏறி அந்தப் பக்கம் கால் வைத்தால் திருவிதாங்கூர் மகாராஜாவின் மண். அங்கே சென்னை அரசின் சட்டம் செல்லாது, சென்னை கலெக்டரின் உத்தரவும் செல்லாது.

ஒரு பெரிய அமைப்பு, தன்னோடு சேராத பக்கத்து நாட்டோடு எப்படி உறவு வைத்துக்கொள்கிறது என்பது உலக வரலாற்றில் பழைய கேள்வி. இதற்கு உதாரணம் தேடி நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. நம் தலைக்கு மேலே, தேக்கடியிலேயே இருக்கிறது.

முதலில் இரண்டு பேருடைய பலத்தையும் பார்த்துவிடுவோம். திப்பு சுல்தான் படையெடுத்து வந்த காலத்தில் திருவிதாங்கூர் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணையைத் தேடியது. 1795-இல் ஒரு உடன்படிக்கை, 1805-இல் இன்னொன்று. முதலில் 'பாதுகாப்பு' என்றார்கள். இரண்டாவதில் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றானது. கட்ட முடியாமல் பாக்கி விழுந்தது. ரெசிடென்ட் மெக்காலே நெருக்கினார். திவான் வேலுத்தம்பி கம்பெனிக்கு எதிராக எழுந்து 1809-இல் உயிரை விட்டார். அதன் பிறகு மகாராஜா மகாராஜாவாகவே இருந்தார். சொந்தச் சட்டம், சொந்த நிர்வாகம், சொந்த நாணயம் எல்லாம் இருந்தது. ஆனால் அரண்மனைக்குப் பக்கத்தில் ரெசிடென்ட் என்று ஒரு வெள்ளைக்காரர் எப்போதும் உட்கார்ந்திருந்தார். ஆக, வெளியே இருந்தாலும் முழுக்க வெளியே இல்லாத நாடு அது.

இப்போது நம் பக்கத்துத் தேவையைப் பார்ப்போம். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும். சிவகிரி மலையில் பிறக்கும் பெரியாறு அந்தத் தண்ணீரை மேற்கே கொண்டுபோய் அரபிக்கடலில் சேர்க்கும். இந்தப் பக்கம் நாம் மழை மறைவில் இருக்கிறோம். வைகையை நம்பி மதுரையும் ராமநாதபுரமும் வானம் பார்த்துக் கிடந்தன. அந்த ஆற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பிப் பார்த்தார். பணம் இல்லாததால் நின்றது. 1808-இல் கேப்டன் கால்டுவெல் பார்த்துவிட்டு நடக்காத காரியம் என்று எழுதினார். 1850-இல் சிறிய அளவில் தொடங்கிய வேலையைக் காய்ச்சல் நிறுத்தியது. 1867-இல் மேஜர் ரைவ்ஸ் ஒரு திட்டம் கொடுத்தார். பிறகு 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் மனிதர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் அரசுக்கு அவசரம் வந்தது.

பொறியியல் பிரச்சினை தீர்ந்தாலும் ஒரு பிரச்சினை மிச்சம் இருந்தது. ஆறும் நிலமும் அடுத்தவருடையது. 1860-களில் தொடங்கிய கடிதப் போக்குவரத்து 20 ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. இந்த இடத்தில்தான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். அவ்வளவு பலம் உள்ள பிரிட்டிஷ் அரசு ஏன் அந்த நிலத்தைப் பிடுங்கிக்கொள்ளவில்லை? 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, சமஸ்தானங்களின் எல்லையைத் தொடமாட்டோம் என்று விக்டோரியா மகாராணியின் 1858 அறிக்கை வாக்குக் கொடுத்திருந்தது. ஒரு சமஸ்தானத்தில் கை வைத்தால் நூற்றுக்கணக்கான சமஸ்தானங்கள் மிரளும். அதனால் வேறு வழி தேடினார்கள். நிலம் மகாராஜாவுடையதாகவே இருக்கட்டும், தண்ணீர் நமக்கு வந்தால் போதும். அந்த வழிக்குப் பெயர் குத்தகை.

1886 அக்டோபர் 29. மூலம் திருநாள் மகாராஜா பட்டத்துக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. திருவிதாங்கூர் சார்பில் திவான் வி. ராமய்யங்கார் கையெழுத்துப் போட்டார். அவரே சென்னை அரசுப் பணியில் இருந்து போனவர். இந்தியாவுக்கான அமைச்சர் சார்பில் ரெசிடென்ட் ஹானிங்டன் கையெழுத்துப் போட்டார்.

பத்திரத்தின் சாரம் இது. அணையில் 155 அடி வரை தண்ணீர் நின்றால் மூழ்கும் 8,000 ஏக்கர் நிலம், அதோடு கட்டுமான வேலைக்கு 100 ஏக்கர் வரை. ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் குத்தகை. அந்தப் பரப்பில் வந்து சேரும் தண்ணீர் முழுவதும் சென்னை அரசுக்கு. காலம் 999 ஆண்டுகள். வேண்டுமென்றால் இன்னும் ஒரு 999 ஆண்டுகள். தகராறு வந்தால் ஆளுக்கொரு மத்தியஸ்தர் வைத்துக்கொள்வது, அவர்களும் ஒத்துப்போகாவிட்டால் மேலே ஒரு நடுவர்.

குத்தகைப் பணம் கைக்குக் கை மாறவில்லை என்பதையும் கவனியுங்கள். திருவிதாங்கூர் ஆண்டுதோறும் பிரிட்டிஷாருக்குக் கட்டிய கப்பத்தில் அந்த 40,000 ரூபாயைக் கழித்துக்கொண்டார்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், கடன்காரனிடம் அவன் நிலத்தையே குத்தகைக்கு எடுத்து, குத்தகையை வட்டியில் வரவு வைத்த மாதிரி.

இது நியாயமான பேரமா? மலைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தால் நிச்சயம் இல்லை. 999 வருஷத்துக்கு ஒரே வாடகை என்று யாராவது தன் தோட்டத்தை எழுதிக்கொடுப்பார்களா? வாடகையைக் காலத்துக்கேற்ப உயர்த்த அதில் வழியே இல்லை. ரெசிடென்ட் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மகாராஜா எத்தனை தடவை 'முடியாது' என்று சொல்ல முடியும்? கேரளத்துக்காரர்கள் இதைச் சொல்லும்போது நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் அவர்கள் சொல்வதில் இந்த ஒரு பகுதி உண்மை. வரலாறு படித்தவர்கள் அதை மறுக்கக் கூடாது.

அதே சமயம் அந்தப் பத்திரத்தில் ஒரு நல்ல விதையும் விழுந்திருந்தது. அதுதான் மத்தியஸ்தர் ஷரத்து. 1886-இல் யாரும் அதைப் பெரிதாக நினைத்திருக்க மாட்டார்கள். 1895 அக்டோபர் 10 அன்று ஆளுநர் வென்லாக் தண்ணீரைத் திறந்துவிட்டார். தண்ணீர் சுரங்கம் வழியாக இறங்கி, வைரவனாறு, சுருளியாறு, வைகை என்று ஓடியது. நாற்பது வருஷம் கழித்து சென்னை அரசுக்கு ஒரு புது ஆசை வந்தது. மலையில் இருந்து இவ்வளவு உயரம் விழும் தண்ணீரில் மின்சாரம் எடுத்தால் என்ன?

திருவிதாங்கூர் ஒத்துக்கொள்ளவில்லை. "பாசனத்துக்கு என்றுதான் தண்ணீர் கொடுத்தோம், மின்சாரத்துக்கு இல்லை" என்றது. அப்போது அங்கே திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், லேசில் விடுகிற ஆள் இல்லை. விஷயம் மத்தியஸ்தர்களிடம் போனது. இரண்டு பேரும் ஒத்துப்போகவில்லை. நடுவராக நளினி ரஞ்சன் சட்டர்ஜி அமர்ந்தார். 1941 மே 12 அன்று தீர்ப்பு வந்தது. தண்ணீரைப் பாசனத்துக்கும் அதைச் சார்ந்த காரியங்களுக்கும் மட்டும்தான் பயன்படுத்தலாம், மின்சாரம் எடுக்க உரிமை இல்லை என்றார் அவர்.

பிரிட்டிஷ் ஆட்சி நடக்கும்போதே, பிரிட்டிஷ் மாகாணம் ஒன்று, அதற்கு வெளியே இருந்த ஒரு சின்ன சமஸ்தானத்திடம் தோற்றது. சண்டையில் இல்லை, பத்திரத்தில் எழுதிய ஒரு வரியில் தோற்றது. சின்னவனுக்கு ஒரு பொது நடுவர் கிடைத்துவிட்டால் பெரியவனும் வாதாடித்தான் ஜெயிக்க வேண்டியிருக்கும்.

1947-இல் எல்லாம் தலைகீழானது. பிரிட்டிஷார் போனார்கள். திருவிதாங்கூரைத் தனி நாடாக்கப் பார்த்த சி.பி.யும் போனார். சமஸ்தானம் இந்தியாவில் சேர்ந்தது. 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1-இல் கேரளம். தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு போனது பற்றி நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஆறாத வருத்தம் உண்டு. அது தனிக் கதை. நம் கதைக்கு முக்கியமான கேள்வி வேறு: பத்திரம் எழுதிய மகாராஜாவும் இல்லை, எழுதி வாங்கிய வெள்ளைக்காரனும் இல்லை. அப்புறம் அந்தப் பத்திரம் எதை வைத்து நிற்கிறது?

அதற்கு விடை 1970 மே 29-இல் இருக்கிறது. அன்றைக்குத் தமிழ்நாடும் கேரளமும் துணை ஒப்பந்தங்கள் போட்டன. இங்கே கருணாநிதி முதல்வர், அங்கே அச்சுத மேனன் முதல்வர். ஏக்கருக்கு 5 ரூபாயாக இருந்த குத்தகை 30 ரூபாய் ஆனது. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையைக் கேரளத்துக்கு விட்டுக்கொடுத்தோம். பதிலுக்கு, 1941-இல் நமக்கு இல்லை என்று தீர்ப்பான மின்சார உரிமை கிடைத்தது. அதற்குக் கேரளத்துக்கு ஆண்டுதோறும் தனித் தொகை. லோயர் கேம்ப் மின் நிலையத்தின் உருளைகள் சுற்றுவது அந்த உடன்பாட்டின் பேரில்தான்.

இரண்டு பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1886-இல் கொடுத்தவருக்கு மறுக்கும் வசதி குறைவு. 1970-இல் கையெழுத்துப் போட்டது மக்கள் ஓட்டுப் போட்டு அமர்த்திய இரண்டு அரசுகள். யாரும் யார் தலையிலும் ரெசிடென்டை உட்கார வைக்கவில்லை. இரண்டு பேரும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கினார்கள்.

அதன் மதிப்பு 44 வருஷம் கழித்துத் தெரிந்தது. 1979-இல் குஜராத்தில் மோர்பி அணை உடைந்த பிறகு இங்கேயும் பயம் கிளம்பி, பலப்படுத்தும் வேலைக்காக நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்தார்கள். வேலை முடிந்தும் மட்டம் ஏறவில்லை. 2006 பிப்ரவரியில் 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே கேரளம் சட்டத் திருத்தம் கொண்டுவந்து தடுத்தது. வழக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. பிரிட்டிஷ் ஆட்சி முடிந்தபோதே 1886 பத்திரமும் காலாவதி ஆகிவிட்டது என்பது கேரளத்தின் வாதங்களில் ஒன்று. 2014 மே 7 தீர்ப்பு அதை ஏற்கவில்லை. 1970-இல் நீங்களே அந்தக் குத்தகையை ஒப்புக்கொண்டு திருத்தி எழுதியிருக்கிறீர்களே என்பதும் அங்கே எடுபட்டது. அந்த ஆண்டு நவம்பரில், 35 வருஷத்துக்குப் பிறகு, நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது. கம்பத்திலும் கூடலூரிலும் வெடி வெடித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். நம் வயலுக்குத் தண்ணீர் வருவதற்கு 1886-இல் வெள்ளைக்காரன் காட்டிய பலம் மட்டும் காரணம் இல்லை. 1970-இல் பக்கத்து வீட்டுக்காரர் மனம் ஒப்பிப் போட்ட கையெழுத்தும் காரணம். பலத்தால் வாங்கிய சம்மதம் பலம் போகிறவரைக்கும்தான் செல்லும். பேசி வாங்கிய சம்மதம், கையெழுத்துப் போட்டவர்கள் போன பிறகும் செல்லும்.

உலகத்திலும் இதுதான் நடப்பு. நார்வேயைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரலாமா என்று 1994-இல் மக்களிடம் கேட்டார்கள், வேண்டாம் என்றார்கள். ஆனாலும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தம் மூலம் ஒன்றியத்தின் சந்தையில் நார்வே வியாபாரம் செய்கிறது. அதற்காக ஒன்றியத்தின் விதிகளைப் பின்பற்றுகிறது, பணமும் கட்டுகிறது. அந்த விதிகளை எழுதும் சபையில் மட்டும் அதற்கு ஓட்டு கிடையாது. வெளியே இருப்பதற்கு அது கொடுக்கும் விலை. ஆனால் அந்த விலை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வது நார்வே மக்கள்.

நம் பக்கத்தில் பூட்டான் இருக்கிறது. 1910-இல் பிரிட்டிஷார் ஆண்டு மானியத்தை ஒரு லட்சம் ரூபாயாக உயர்த்திக் கொடுத்து, வெளிநாட்டு விவகாரத்தில் எங்கள் சொல்படி நடக்க வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். 1949-இல் சுதந்திர இந்தியாவும் ஏறக்குறைய அதே வரியை வைத்துக்கொண்டது. 2007-இல் இரண்டு நாடுகளும் உட்கார்ந்து அந்த வரியை எடுத்துவிட்டன. இதற்கிடையே இந்தியாவின் பணத்தில் பூட்டான் மலையில் சுக்கா நீர்மின் நிலையம் எழுந்தது. அங்கே எடுக்கும் மின்சாரத்தை இந்தியா விலை கொடுத்து வாங்குகிறது. மலைத்தண்ணீர் அவர்களுடையது, முதலீடு நம்முடையது, வருமானம் இரண்டு பேருக்கும். பழைய உறவைக் காலத்துக்கேற்பத் திருத்தி எழுதியதால் அது நிற்கிறது.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அணை விஷயம் சூடாகும் ஒவ்வொரு தடவையும் உங்களில் சிலர் போடும் பதிவுகளைப் பார்க்கிறேன். 'பாதையை அடை', 'காய்கறியை நிறுத்து' என்று எழுதுகிறீர்கள். 2011 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். குமுளிப் பாதை அடைபட்டது. ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்த நம் ஆட்கள் பயந்து மலை இறங்கி ஓடி வந்தார்கள். அந்த நாட்களில் கூலி இழந்தது யார்? விடியற்காலையில் தூக்குச்சட்டியோடு ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறுகிற நம் வீட்டுப் பெண்கள்தான். அங்கே ஏலக்காய் பறிக்க ஆள் இல்லை, இங்கே உலை வைக்கக் காசு இல்லை. அணையின் நீர்மட்டம் ஒரு அங்குலம்கூட அதனால் மாறவில்லை.

அந்தப் பக்கம் வண்டிப்பெரியாற்றில், ஆற்றங்கரையில் குடியிருப்பவர்களுக்கும் மழைக்காலத்தில் தூக்கம் வராது. அணை பலமாக இருக்கிறது என்று நிபுணர்கள் சொல்லியிருக்கிறார்கள், நீதிமன்றம் ஏற்றிருக்கிறது, நானும் நம்புகிறேன். ஆனால் பயந்தவனைத் திட்டினால் பயம் போகாது. அங்கே குடியிருப்பவர்களில் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர்களும் ஏராளம் என்பதையும் மறக்க வேண்டாம்.

சண்டை இல்லாமல் சேர்ந்து காரியம் நடத்த முடியாதா என்றால், வருஷத்துக்கு ஒரு நாள் நடத்திக்கொண்டுதான் இருக்கிறோம். சித்திரா பௌர்ணமிக்கு மங்கலதேவி மலையில் கண்ணகி கோயில் திறக்கிறது. கோயில் யார் எல்லைக்குள் இருக்கிறது என்பதில் இன்னும் தகராறு உண்டு. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் தேனி கலெக்டரும் இடுக்கி கலெக்டரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஜீப் எத்தனை, தண்ணீர்ப் பந்தல் எங்கே, போலீஸ் எவ்வளவு என்று பேசி முடிக்கிறார்கள். தமிழர் பொங்கல் வைக்கிறார்கள், மலையாளிகளும் வந்து கும்பிடுகிறார்கள். தகராறு தீரட்டும், அப்புறம் பேசலாம் என்று இருந்திருந்தால் அந்த ஒரு நாளும் கிடைத்திருக்காது.

கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்தத் தண்ணீரில் விளைகிறது. நம் உரிமையில் ஒரு அடி குறையக் கூடாது. அதற்காக நீதிமன்றத்தில் வாதாட வேண்டும், கண்காணிப்புக் குழுவில் பேச வேண்டும், அணையை நன்றாகப் பராமரிக்கவும் வேண்டும். அதோடு, இன்னொரு 1970-க்கான வாசலையும் திறந்தே வைத்திருக்க வேண்டும். நாளைக்கு உங்களில் ஒருவர் பொறியாளராகவோ கலெக்டராகவோ அமைச்சராகவோ அந்த மேசையில் உட்காரலாம். அப்போது எதிரே இருப்பவரிடம் கேட்க ஒரு நியாயமும், கொடுக்க ஒரு பொருளும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூனில் தண்ணீர் திறக்கும்போது லோயர் கேம்ப் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். மணிமண்டபத்தில் பென்னிகுவிக்கைக் கும்பிட்ட பிறகு, இந்தத் தண்ணீர் எந்த மலையில் பெய்த மழை, அது யாருடைய மண், அவர்களோடு என்ன பேசி இங்கே வருகிறது என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.